ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? வயோலா ஸ்போலினின் சிறுவர் நாடக வகுப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி மேடையில் வரிசையாக நிற்கிறது, மறு பாதி எதிரே உட்கார்ந்து பார்க்கிறது. “நீங்கள் எங்களைப் பாருங்கள், நாங்கள் உங்களைப் பார்க்கிறோம்” என்பதற்கு மேல் ஆசிரியை எதுவும் சொல்வதில்லை. நிற்பவர்களுக்கு வேறு வேலையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவன் கால் மாற்றி நிற்கிறான், ஒருத்தி கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உடையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறாள், இன்னொருவனுக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது. எல்லோரிடமும் அந்த நெளிவு தெரியும்வரை ஆசிரியை காத்திருக்கிறார். பிறகு ஒரு வேலை கொடுக்கிறார்: கூரையில் எத்தனை பலகை இருக்கிறது, எண்ணுங்கள். எண்ணத் தொடங்கியதும் தோள் இறங்குகிறது, முகம் தெளிகிறது. பார்க்கிற கண்கள் அத்தனையும் அதே இடத்தில்தான் இருக்கின்றன, ஆனால் நெளிவைக் காணோம்.

பிறகு இரு பாதியும் இடம் மாறுகின்றன. முடிவில் கேள்விகள் வருகின்றன. வேலையில்லாமல் நின்றபோது கழுத்து எப்படி இருந்தது, வயிறு எப்படி இருந்தது, எண்ண ஆரம்பித்ததும் என்ன ஆனது? “கூச்சமாக இருந்தது” என்ற பதிலோடு அவர் விட்டுவிடுவதில்லை. உடம்பில் எங்கே, எப்படி என்று கேட்கிறார்.

அமெரிக்க நாடக ஆசிரியை வயோலா ஸ்போலின் தம் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் கொடுத்த பயிற்சி இது. இளம் மாணவர்களுக்கு நாடகம் சொல்லித்தரும் எவரும் முதலில் மோதும் சிக்கல் இரண்டு. ஒன்று, மேடையேறியதும் குழந்தை விறைத்துப்போவது. மற்றொன்று, விறைக்காத குழந்தைகள் வகுப்பையே கலைத்துப்போடுவது. இவற்றை இரண்டு நோய்களாகப் பார்த்து இரண்டு மருந்து தேடுகிறோம்: கூச்சத்துக்கு உற்சாக வார்த்தை, கலகலப்புக்கு அதட்டல். ஸ்போலின் இரண்டையும் ஒன்றாகவே பார்த்தார். கவனத்தை வைக்க ஓர் இடம் இல்லாத குழந்தை நெளியும், அல்லது ஆட்டம் போடும். அந்த இடத்தைக் கொடுப்பதுதான் ஆசிரியரின் வேலை. அவருடைய வகுப்பின் நடைமுறைகள் ஒவ்வொன்றும் இந்த ஒரு புரிதலிலிருந்து கிளைத்தவை என்பது என் வாசிப்பு. இந்த ஆய்வு அதைத்தான் பின்தொடர்கிறது.

பின்னணி

ஸ்போலின் 1906-இல் சிகாகோவில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு வழிகாட்டியவர் நாடகக்காரர் அல்லர், சமூகப் பணியாளர். நெவா பாய்ட் என்ற அந்த அம்மையார், சிகாகோவின் ஹல் ஹவுஸில் விளையாட்டு, நடனம், நாடகம் வழியாகக் குழுப்பணி செய்வதற்கு ஆட்களைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தார். ஸ்போலின் 1924 முதல் 1927 வரை அவரிடம் படித்தார். ஹல் ஹவுஸ், 1889-இல் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் தொடங்கிய சமூக இல்லம். அதைச் சுற்றியிருந்த தெருக்களில் இத்தாலியர், கிரேக்கர், யூதர், மெக்சிகர் எனப் பல நாட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பொதுமொழியாக அமையாத நேரங்களில் விளையாட்டுதான் பொதுமொழி. பல நாட்டு மரபு விளையாட்டுகளைத் திரட்டிப் பயன்படுத்தியவர் பாய்ட். விதி ஒன்று, எல்லோருக்கும் அதே விதி, அதை மதித்தால்தான் ஆட்டம் நடக்கும். இதைப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே அறிந்திருக்கிறார்கள் என்பது அவர் கண்டது. நொண்டியோ கண்ணாமூச்சியோ ஆடும் நம் தெருப் பிள்ளைகளைக் கொஞ்சம் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். “நீ அவுட்டு” என்று சொல்ல அங்கே ஆசிரியர் தேவைப்படுவதில்லை.

1930-களின் பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களுக்கு வேலை கொடுக்க அமெரிக்க அரசு 1935-இல் ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியது. அதன் பொழுதுபோக்குப் பிரிவில், சிகாகோவில் நாடக மேற்பார்வையாளராக ஸ்போலின் அந்தப் பத்தாண்டின் இறுதியில் சேர்ந்தார். நாடக விளையாட்டுகள் என்று பின்னாளில் உலகம் அறிந்தவற்றை அவர் உருவாக்கத் தொடங்கியது அங்கேதான். காரணம் எளியது. அங்கே வந்தவர்கள் பல இனத்தவர், பல மொழியினர். நாடகக் கலைச்சொற்களை வைத்துக்கொண்டு விரிவுரை ஆற்றினால் ஒருவருக்கும் ஏறாது. பாய்டிடம் கற்ற விளையாட்டின் வடிவத்தை எடுத்து, அதற்குள் நாடகத்தின் ஒரு சிக்கலை வைத்தார். 1946-இல் ஹாலிவுட்டில் ‘யங் ஆக்டர்ஸ் கம்பெனி’யைத் தொடங்கி, ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள சிறுவர்களோடு 1955 வரை இதே முறையைத் தொடர்ந்து செதுக்கினார். 1963-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய கையேட்டில், சிறுவர்களுக்கென்று எழுதிய பகுதிகள் இந்த ஆண்டுகளின் அனுபவத்தில் நிற்பவை.

வகுப்பு நடக்கும் விதம்

அவருடைய வகுப்பில் எந்தப் பயிற்சிக்கும் ஒரு கவனப்புள்ளி உண்டு. இரண்டு பேர் இல்லாத கயிற்றை இழுக்கிறார்கள் என்றால், கவனப்புள்ளி கயிறு. யார் வெல்வது என்பதோ, எப்படி முகத்தைச் சுளிப்பது என்பதோ அங்கே கேள்வியே இல்லை. இருவருக்கும் நடுவே அந்தக் கயிறு இருந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருவன் பின்னால் சாயும்போது மற்றவன் முன்னால் வராவிட்டால் கயிறு ரப்பராக நீண்டுவிட்டது என்று உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்தச் சிறிய ஆட்டத்தில் நாடகத்தின் அடிப்படை எத்தனை அடங்கியிருக்கிறது பாருங்கள். எதிரில் இருப்பவரைக் கவனிப்பது, அவர் செய்ததற்கு ஏற்பத் தன் உடலை மாற்றுவது, இல்லாத பொருளுக்கு எடையும் நீளமும் கொடுப்பது, அதைப் பார்வையாளருக்குத் தெரிய வைப்பது. இவற்றில் ஒன்றைக்கூட ஆசிரியர் வாயால் சொல்லவில்லை. குழந்தையின் தலைக்குள் இருப்பதெல்லாம் கயிறு மட்டுமே.

குழு பிரிப்பதைச் சாதாரண விஷயமாக நினைப்போம். ஸ்போலின் அதை எண்ணிப் பிரிப்பதையே விரும்பினார்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒரே எண் வந்தவர்கள் ஒரு குழு. “உனக்குப் பிடித்தவர்களோடு சேர்ந்துகொள்” என்று விட்டால் கடைசிவரை யாரும் கூப்பிடாமல் நிற்கும் ஒரு குழந்தை எந்த வகுப்பிலும் இருக்கும். அந்தக் குழந்தைக்கு அன்றைய நாடக வகுப்பு அந்த நிமிடத்திலேயே முடிந்துபோகிறது. எண்ணிப் பிரித்தால் அந்த அவமானம் நேர வழியே இல்லை. தவிர, நண்பர்கள் எப்போதும் ஒன்றாக ஆடினால் ஒருவரையொருவர் கவனிக்க அவசியம் வருவதில்லை. அடுத்து அவன் என்ன செய்வான் என்று முன்பே தெரியும். புதியவரோடு ஆடும்போதுதான் கண்ணும் காதும் விழிக்கின்றன.

குழுவுக்கு முன்கூட்டித் தீர்மானிக்க உரிமை உள்ளவை மூன்று: எங்கே, யார், என்ன செய்கிறார்கள். எப்படிச் செய்வது என்பதைத் திட்டமிடக் கூடாது. இந்தத் தடை மிக முக்கியம். எப்படி என்பதைப் பேசத் தொடங்கினால் வாய் வலுத்த ஒரு பிள்ளை இயக்குநராகிவிடும், மற்றவர்கள் அது சொன்னதைச் செய்து காட்டுவார்கள், மேடையில் புதிதாக எதுவும் நிகழாது. எங்கே என்பதைச் சின்னவர்களுக்கு அறிமுகப்படுத்த அவர் கேட்ட கேள்வி அழகானது: நீ சமையலறையில் இருக்கிறாய் என்று உனக்கு எப்படித் தெரியும்? அடுப்பு, பாத்திரம், வாசனை என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல, ஓர் இடத்தை இடமாக்குவது அங்குள்ள பொருள்கள்தான் என்ற முடிவுக்கு அவர்களே வந்துவிடுகிறார்கள். பிறகு கரும்பலகையில் தரைப்படம் வரைகிறார்கள். கதவு இங்கே, மேசை இங்கே, ஜன்னல் இங்கே. மேடையில் ஒன்றிரண்டு நாற்காலிக்கு மேல் எதுவும் இருக்காது. ஆனாலும் படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளையும் தொட்டுப் புழங்கியாக வேண்டும்.

எல்லாம் தயாரானதும் “திரை!” என்று சொல்வது ஆசிரியர் அல்லர், ஆடப்போகும் குழு. திரை என்று ஒன்று அந்த அறையில் இல்லாவிட்டாலும் அந்தச் சொல் விழுந்ததும் பேச்சு நிற்கிறது, எல்லோர் கண்ணும் மேடைக்குப் போகிறது. ஏழு வயதுப் பிள்ளை தானே அழைத்துத் தானே தொடங்குகிறது. “உஷ், எல்லாரும் கவனிங்க” என்று ஆசிரியர் தொண்டை வறளக் கத்த வேண்டியதில்லை என்பது இதன் சிறிய பயன். அமைதி யாருக்காக என்பது பிள்ளைக்குப் புரிந்துபோவது பெரிய பயன். இன்று தன் குழு “திரை!” என்றபோது மற்றவர்கள் அடங்கியதை உணர்ந்த பிள்ளை, அடுத்த குழு அழைக்கும்போது தானும் அடங்கும்.

ஆட்டத்துக்குள் வரும் குரல்

சைடு கோச்சிங் என்று இன்று உலகெங்கும் நாடகப் பட்டறைகளில் சொல்லப்படுவதை முறையாக வகுத்தவர் ஸ்போலின். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆசிரியர் ஓரத்திலிருந்து சுருக்கமாகக் குரல் கொடுப்பார். ஆடுபவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது; காதில் வாங்கிக்கொண்டு தொடர வேண்டும். இல்லாத மேசையை மறந்து ஒருவன் குறுக்கே நடந்தால், “மேசைக்குள்ளே நடந்துவிட்டாய்!” சும்மா முறைத்துக்கொண்டு நிற்பவனுக்கு, “அவன் சட்டைப் பொத்தானைப் பார்!” சத்தமாகப் பேசு என்று அவர் சொல்வதில்லை, “குரலைப் பகிர்ந்துகொள்!” என்பார்.

இந்தக் கடைசி மாற்றத்தில் கொஞ்சம் நிற்கலாம். சத்தமாகப் பேசு என்றால் குழந்தை கத்தும். கத்தும்போது தொண்டை இறுகும், ஒரே சுருதியில் ஒப்பிக்கும். பள்ளி மேடைகளில் நாம் கேட்டுப் பழகிய அந்தக் குரல் அப்படிப் பிறந்ததுதான். பகிர்ந்துகொள் என்றால், யாரிடம் என்று யோசிக்கிறது. கடைசி வரிசையில் இருக்கும் தோழியை நினைக்கிறது. குரல் அவளைத் தேடிப் போகிறது. மேடையில் இடம் பிடிப்பதற்கும் இதே வழிதான். பார்வையாளருக்கு முதுகு காட்டாதே, ஒருவர் பின்னால் ஒருவர் ஒளியாதே, எல்லோரும் ஒரு மூலையில் குவியாதே என்று விதிகளை அடுக்குவதற்குப் பதிலாக, சின்னஞ்சிறியவர்களிடம் மேடையை ஒரு படகாக்கினார். எல்லோரும் ஒரே பக்கம் போனால் படகு சாயும். “படகு ஆடுகிறது!” என்ற குரல் வந்ததும் பிள்ளைகள் தாமே பரவி நிற்பார்கள். நாடகக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் கற்கும் மேடைச் சமநிலை ஓர் ஆறு வயதுக் குழந்தைக்கு அங்கே உடம்பிலேயே கிடைக்கிறது.

ஆட்டம் எங்கேயும் போகாமல் இழுபட்டால் “ஒரு நிமிடம்!” என்ற குரல் வரும். முடிவைத் தேடு என்பது அதன் பொருள். நடுவில் வெட்டி உட்காரவைக்கும் அவமானம் இல்லாமல் காட்சி தானாக முடிய அது வழிசெய்கிறது.

ஆடி முடித்ததும்

மதிப்பீட்டு நேரத்தில்தான் இந்த முறையின் துணிச்சல் தெரிகிறது. நன்றாக இருந்தது, நன்றாக இல்லை என்ற இரண்டு சொல்லுக்கும் அங்கே இடமில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் ஆசிரியர் கேட்பது வேறு. கவனப்புள்ளி முழுவதும் இருந்ததா, பாதியில் விட்டுப்போனதா? எங்கே இருக்கிறார்கள் என்பதைக் காட்டினார்களா, வாயால் சொன்னார்களா? மேசை கடைசிவரை அதே இடத்தில் இருந்ததா? பிறகு ஆடியவர்களிடமும் அதே கேள்வி. ஒரு பிள்ளை “அவன் கோப்பையைக் கீழே வைக்கவே இல்லை, கை திடீரென்று காலியாகிவிட்டது” என்று சொன்னால், அது அவனைப் பற்றிய விமர்சனமாகாது. கோப்பையைப் பற்றிய செய்தி. அவனும் காயப்படாமல் கேட்டுக்கொள்வான்.

பாராட்டைக்கூட ஏன் தள்ளிவைத்தார் என்று நம்மில் பலருக்குக் கேள்வி எழும். சபாஷ் என்று முதுகில் தட்டுவதில் என்ன தவறு? ஸ்போலினின் பதில் தெளிவு. ஒப்புதலுக்காக ஏங்கும் பிள்ளையும் திட்டுக்கு அஞ்சும் பிள்ளையும் ஆசிரியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதிரில் ஆடுபவரைப் பார்க்க அவர்களுக்கு நேரமிருக்காது. ஒருமுறை கைதட்டு வாங்கிய சேட்டையை அந்தப் பிள்ளை திரும்பத் திரும்பச் செய்யும். குழந்தை என்பதாலேயே அழகாகத் தெரியும் கொஞ்சல் நடிப்பையும் அவர் அப்படியே விட்டுவிடவில்லை. இயல்பாக இருக்கிறது என்று பெரியவர்கள் உருகினாலும், பார்வையாளருக்குக் கடத்தும் கலையைச் சிறுவர்களும் கற்றாக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். குழந்தைகளை இதைவிட மதிக்கும் வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். குழந்தையின் சொந்தத் துயரத்தைத் தோண்டி மேடைக்குக் கொண்டுவருவதை அவர் ஏற்கவில்லை. வீட்டில் நடந்த சண்டையை நினைத்துக்கொள், அழுகை வரும் என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். மேடையில் பிறக்கும் உணர்ச்சி மேடையில் நடக்கும் செயலிலிருந்து பிறக்க வேண்டும் என்பது ஸ்போலினின் நிலை. சிறுவர்களோடு வேலை செய்யும் எவரும் இதை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

ஒதுங்கி நிற்கும் குழந்தையும் துள்ளும் குழந்தையும்

ஒழுங்கு என்பது ஈடுபாடு என்பது கையேட்டின் சிறுவர்கள் பற்றிய பகுதியில் அவர் முன்வைக்கும் கருத்து. சொன்னபடி கேட்பது மட்டும் ஒழுங்காகிவிடாது. ஆட்டத்தில் உண்மையாக மூழ்கிய பிள்ளை விதியைத் தானே காக்கும். எனவே வகுப்பு கலைந்தால் அவர் முதலில் சந்தேகித்தது பயிற்சியை. கவனப்புள்ளி மங்கலாக இருந்ததா? சிக்கல் அவர்கள் வயதுக்கு மிக எளிதா, கடினமா? ஒரே குழு நீண்ட நேரம் ஆடிப் பார்ப்பவர்கள் சலித்துவிட்டார்களா?

துள்ளும் பிள்ளைக்கு அங்கே மேடைக்கு வெளியேயும் வேலை உண்டு. விளக்கு, ஒலி, உடை, சாமான் என்று மேடையின் பின்வேலைகளையும் சிறுவர்களே முறைவைத்துச் செய்தார்கள். இடி இடிக்கும் ஒலிக்குத் தகரத்தை எப்போது ஆட்டுவது என்று காத்திருக்கும் குழந்தையைவிடக் கூர்மையாகக் காட்சியைக் கவனிப்பவர் வேறு யாரும் இருக்க முடியாது. தயங்கும் குழந்தையை அவர் தள்ளவில்லை. பலர் சேர்ந்து ஆடும் ஆட்டங்களில் அது பாதுகாப்பாக இருக்கும். ஒருவர் ஓர் இடத்தைக் காட்டத் தொடங்க, எங்கே என்று புரிந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சேரும் ஆட்டம் அதற்கு உகந்தது. ரயில் நிலையம் என்று புரிந்ததும் ஒரு குழந்தை மெல்ல எழுந்துபோய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டால் போதும், அது நடித்துவிட்டது. வசனம் பேச வேண்டிய கட்டாயம் இல்லை.

விளைவும் எல்லையும்

இந்த முறை சென்றடைந்த தூரம் பெரிது. 1955-இல் ஸ்போலின் சிகாகோ திரும்பினார். அதே ஆண்டு அவருடைய மகன் பால் சில்ஸ், டேவிட் ஷெப்பர்டுடன் சேர்ந்து ‘காம்பஸ் பிளேயர்ஸ்’ குழுவைத் தொடங்கினார். 1959-இல் ‘செகண்ட் சிட்டி’ பிறந்தது. வசனத்தை முன்கூட்டி எழுதாமல் மேடையிலேயே உருவாக்கி ஆடும் அமெரிக்க உடனடி நாடகத்தின் வேர் இந்த இரண்டு குழுக்களில் இருக்கிறது. அந்த நடிகர்கள் ஸ்போலினிடம் பயின்றது அவர் குழந்தைகளுக்கும் குடியேறிகளுக்கும் வகுத்த அதே ஆட்டங்களைத்தான். ஆனாலும் மேடை நகைச்சுவையில் அவை பெற்ற புகழ் வகுப்பறைக்குக் கொஞ்சம் கெடுதலும் செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். உடனடி நாடகம் என்றாலே சட்டென்று சிரிக்கவைப்பது என்ற எண்ணம் பரவி, சிரிப்பு வராத ஆட்டத்தைத் தோல்வி என்று ஆசிரியர்களே கருதுகிறார்கள். கயிறு இருந்ததா என்று கேட்ட வகுப்பில் அது கேள்வியே அல்ல.

வகுப்பறை ஆசிரியர்களுக்கென்று அவர் பின்னாளில் தனியாகவும் உழைத்தார். 1975-இல் ஆட்டங்களை அட்டைத் தொகுப்பாக வெளியிட்டார், 1986-இல் பள்ளி வகுப்புக்கென ஒரு நூல் எழுதினார். அப்படியும் இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. குழு குழுவாக ஆடி, மற்றவர்கள் பார்த்து, பிறகு பேசுவது என்ற அமைப்பு சிறிய வகுப்பில் நன்றாக ஓடும். நாற்பது பேர் இருக்கும் அறையில் ஒரு பாடவேளைக்குள் எல்லாக் குழுவுக்கும் முறை வராது. இரண்டு வகுப்புகளாகப் பிரித்து ஓட்ட வேண்டியிருக்கும். சைடு கோச்சிங் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. அளவு மீறினால் ஆசிரியர் பொம்மலாட்டம் நடத்துகிறார், குறைந்தால் ஆட்டம் சோர்கிறது. தீர்ப்புச் சொல்லாத மதிப்பீடுதான் எல்லாவற்றிலும் கடினம். பல ஆண்டுகளாகச் சரி, தவறு போட்டுப் பழகிய வாய்க்கு அது எளிதில் வசப்படாது.

ஆண்டு விழா இன்னொரு நெருக்கடி. வசனத்தை மனப்பாடம் செய்யவைத்து, நிற்கும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, மூன்று வாரத்தில் மேடையேற்றச் சொல்லும் பள்ளிகளில் இந்த ஆட்டங்களுக்கு நேரம் ஏது என்று கேட்பார்கள். வசனம் எழுதப்பட்ட நாடகங்களையும் ஸ்போலின் சிறுவர்களை வைத்து மேடையேற்றியவர்தான். ஒத்திகையில் ஒரு காட்சி உயிரில்லாமல் கிடந்தால் அங்கேயே ஓர் ஆட்டத்தை நுழைப்பார். வசனம் பேசும் ஒவ்வொரு முறையும் எதிரில் இருப்பவரை ஏதாவது ஒரு வகையில் தொட்டாக வேண்டும் என்ற ஆட்டம் அவற்றில் ஒன்று. தோளைத் தட்டலாம், கையைப் பிடிக்கலாம், சட்டையைச் சரிசெய்யலாம். தொட வழி தெரியாதபோது வசனம் நிற்கும். நிற்கும் இடத்தில் இருவரும் ஒருவரையொருவர் உண்மையாகப் பார்ப்பார்கள். வசனத்தை ஒப்பிக்கும் பழக்கத்தைப் போக்க இதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை, இருக்கும் ஒத்திகைக்குள்ளேயே அடங்கும்.

புதிதாகத் தொடங்கும் ஆசிரியர் பெஞ்சுகளைக்கூட நகர்த்தாமல் ஆரம்பிக்கலாம். ஒரு நிமிடம் கண் மூடி, சுற்றியுள்ள ஒலிகளைக் கேட்டுவிட்டு, கேட்டதைச் சொல்லும் ஆட்டம் அவருடைய தொகுப்பில் இருக்கிறது. இருவர் எதிரெதிரே பார்த்துக்கொண்டு, திரும்பி நின்று தம் தோற்றத்தில் மூன்று மாற்றம் செய்து, மற்றவர் அதைக் கண்டுபிடிக்கும் ஆட்டம் அடுத்தது. கயிறு இழுப்பை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒருவர் அசைவை மற்றவர் பிரதிபலிக்கும் கண்ணாடி ஆட்டம் பார்க்க எளிதாகத் தெரிந்தாலும் அதிகப் பொறுமை கேட்பது. வகுப்பு ஒன்றையொன்று கவனிக்கப் பழகிய பிறகு அது பலன் தரும். சமையலறைக் கேள்வியையும் தரைப்படத்தையும் அதற்குப் பிறகு எடுக்கலாம். “திரை!” என்று குழு அழைப்பதை மட்டும் முதல் நாளிலிருந்தே பழக்கிவிட வேண்டும்.